அரிட்டாபட்டியில் டிக்கெட்டை யார் கிழிப்பது?

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு விட்டிருந்த ஏலம் ரத்து என்று 2025 ஜனவரி 23-ஆம் தேதி அறிவிப்பு வந்ததும் மேலூர்ப் பக்கமே கொண்டாடித் தீர்த்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஜனவரி 7-ஆம் தேதி, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு வந்ததை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். கொண்டாட்டச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. சரி, சுரங்கம் வேண்டாம், அப்ப வேற என்னதான் வேணும்? டீக்கடை, கல்யாண வீடு, வாட்ஸ்அப் என்று எங்கே கேட்டாலும் பாதிப் பேர் சொன்ன பதில் சுற்றுலா.

எனக்கு அம்மா ஊர் மேலூர்ப் பக்கம். சுற்றுலாவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு விஷயத்தைப் பேசுகிறோம். ஒருவர் மனதில் வனத்துறை கவுன்ட்டர் இருக்கிறது, இன்னொருவர் மனதில் நீச்சல்குளம் வைத்த ரிசார்ட், மூன்றாமவர் ஊர்ப் பிள்ளைகளே வழிகாட்டியாக நடப்பதை நினைக்கிறார். எல்லாவற்றுக்கும் 'உள்ளூர் மக்கள் பங்கேற்புடன்' என்ற வரியை ஒட்டிவிடலாம், ஒட்டியும் விடுகிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் பங்கேற்பு என்றால் ஒரு கூட்டம், ஒரு வருகைப் பதிவேடு, டீ பிஸ்கட், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பதற்கு நான் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மலையடிவாரத்தில் நாற்பது கார் நிற்கும்போது, "இன்னைக்குப் போதும், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்ப யாருக்கு அதிகாரம் இருக்கிறது? வேலை, வருமானம், வளர்ச்சி எல்லாம் இதற்கு அப்புறம். 2024 நவம்பரில் கிராமசபைகளில் 'வேண்டாம்' என்று தீர்மானம் போட்ட பிறகுதானே டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது? இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெக்டேர் சுரங்கத்துக்கு வேண்டாம் சொன்ன ஊர், நாற்பது காருக்கு வேண்டாம் சொல்ல முடியாத நிலைக்குப் போய்விடக் கூடாது.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு மலை. அரசுக் கணக்குப்படி 72 கண்மாய், 200 சுனை, மூன்று தடுப்பணை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 250 வகைப் பறவைகள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும்தான் பறவை பார்க்கிறவர்களை இழுத்து வருகின்றன. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பும் உண்டு. கழிஞ்சமலைக் குகையில் சமணத் துறவிகளின் கல்படுக்கைகளும், நெல்வெளிக்காரர் ஒருவர் அந்த முழாகையை, அதாவது குகையை, வெட்டிக் கொடுத்தார் என்று சொல்லும் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டும் இருக்கின்றன. அங்கேயே அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பம் வட்டெழுத்தோடு இருக்கிறது. மலையின் இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரை சிவன் கோயில், அதில் கையில் தடியோடு இலகுலீசர், சிவனின் ஒரு வடிவம். ஊர்க்காரர்கள் அதை இடைச்சி மண்டபம் என்பார்கள்.

இதையெல்லாம் ஒரே காலைப்பொழுதில் நடந்து பார்த்துவிடலாம் என்பதுதான் வரம், அதுதான் ஆபத்தும். இடம் சின்னது. ஒரு குகையில் முப்பது பேர் நின்றால் முப்பத்தொன்றாவது ஆள் கல்வெட்டின் மேல்தான் சாய்வார்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இப்படியே விடுவது. கேட்டதும் நல்ல யோசனை மாதிரி தெரியும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தெரிந்தது, எதையும் தொடாமல் விட்டால் மலை மலையாக இருக்கும் என்று. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆள் இல்லாத குகை என்ன ஆகும் என்று. இரண்டாயிரம் வருடத்துக் கல்படுக்கையில் போன வருடத்துக் காதலர் பெயர் இருக்கும். டங்ஸ்டன் சண்டைக்கு அப்புறம் அரிட்டாபட்டியின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது, இனி யாரும் வரவேண்டாம் என்று பலகை வைத்தாலும் வருவார்கள், ட்ரோனோடு வருவார்கள். வல்லூறும் ராஜாளியும் பாறை இடுக்கில் கூடு வைக்கிற காலம் பெரும்பாலும் மார்கழி தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை. வெயில் ஏறுவதற்கு முன்னால் மலையேற நமக்கு வசதியான மாதங்களும் ஏறக்குறைய அவைதான். இந்த மோதலை யாரும் பார்த்துக்கொள்ளாவிட்டால் தோற்கப்போவது பறவை. ஒன்றும் செய்யாமல் விடுவதில் 'போதும்' சொல்ல ஆளே கிடையாது என்பதால் இந்த வழியை இதோடு ஒதுக்கிவிட்டேன்.

ஒரு இடைச்செருகல். ஆட்களைக் கூட்டிப்போவதாலேயே இடம் கெட்டுவிடாது என்பதற்கும் மதுரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2010-இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு திட்டம் கிளம்பியது. ஒத்தக்கடைப் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள், நின்றது. அந்தச் சூட்டில் உருவானதுதான் பசுமை நடை. ஞாயிறு காலையில் ஒரு குன்று, கல்வெட்டு தெரிந்தவர் விளக்கம் சொல்வார், அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். சமண மலைகள் என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்கே சொல்லிக்கொடுத்ததில் அந்த நடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கவனித்தீர்களா, மலையைக் குடையவிருந்ததும் சுற்றுலாவை மனதில் வைத்த திட்டம்தான், மலையைக் காக்க நடந்ததும் ஒருவகைச் சுற்றுலாதான்.

இரண்டாவது வழி, அரசுத் துறை நடத்துவது. இதில் மோசமான வடிவத்தை எடுத்து அடிப்பது சுலபம், அதனால் இருப்பதிலேயே நல்ல வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். தேக்கடி. நமக்கு அந்நியம் இல்லை, மேலூர் வட்டாரத்து வயலுக்குப் பெரியாறு கால்வாயில் வருகிற தண்ணீரே அந்த ஏரித் தண்ணீர்தான்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990-களின் பிற்பாதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று உலக வங்கி உதவியோடு நடந்தது. அதில் பலருக்கும் ஞாபகம் இருப்பது வயணப்பட்டைக்காரர்கள் கதை. காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போய் வயணப்பட்டை, அதாவது காட்டு இலவங்கப்பட்டை, உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்கள், வழக்கு, தலைமறைவு என்று அலைந்தவர்கள், இருபத்துச் சொச்சம் பேர். அவர்களோடு வனத்துறை பேசி, ஒரு குழுவாக்கி, காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகிற வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரர்களாகவும் மாற்றியது. எந்தப் பள்ளத்தில் எந்த வழியாகத் திருடன் வருவான் என்று அவர்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? ஒரு முறைக்குச் சில பயணிகள் மட்டும், இரவு கூடாரம், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் என்று அந்த நடை இன்றும் பெயர் பெற்றது. 2002-இலிருந்து அங்கே வசந்த சேனை என்று பெண்கள் குழு சம்பளம் எதிர்பாராமல் சந்தன மரங்களுக்குக் காவல் சுற்றியதும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, இந்தியாவில் காட்டுச் சுற்றுலாவில் உள்ளூர்க்காரர்களுக்கு இதைவிட மரியாதையான இடம் கிடைத்த உதாரணங்கள் குறைவு.

ஆனாலும் என் கேள்வியைக் கேட்டால்? எத்தனை பேரை உள்ளே விடுவது, கட்டணம் எவ்வளவு, எந்தப் பாதையைத் திறப்பது என்பதெல்லாம் துறை முடிவு. குழுவின் கணக்கு வழக்கிலும் துறை அலுவலர் கையெழுத்து உண்டு. நல்ல அதிகாரி இருக்கிறவரை இது ஓடும், அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் மனசு எப்படியோ அப்படி. புலிகள் காப்பகத்தில் அதற்கு நியாயமும் இருக்கிறது, அது அவர்கள் காடு, யானை மிதித்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். அரிட்டாபட்டியோ கண்மாயும் வயலும் கோயிலும் வீடும் கலந்து கிடக்கிற ஊர். அங்கே கேட் போட்டுப் பூட்டினால் ஆடு மேய்க்கிறவரும் சுனைத் தண்ணீருக்குப் போகிறவரும் கேட்டில் நின்று அனுமதி கேட்க வேண்டிவரும்.

தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை பேரை இழந்த பிறகு, மலையேற்றத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. பாதுகாப்பு, காப்பீடு, முதலுதவி ஆகியவற்றில் அரசை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பது நாள் கூலி. நல்ல கூலிதான், ஆனால் கூலி.

மூன்றாவது, தனியார். ஒரு ரிசார்ட்காரர் வருகிறார், மலை தெரிகிற மாதிரி பத்து ஏக்கர் வாங்குகிறார், ஐம்பது பேருக்கு வேலை என்கிறார். இதைப் பேசும்போது எல்லோரும் காரைக்குடியைக் காட்டுகிறார்கள், அதனால் காரைக்குடியையே பார்ப்போம். செட்டிநாட்டு வீடுகள் நூற்றுக்கணக்கான பங்காளிகள் கையில் சிக்கி, பராமரிக்க ஆள் இல்லாமல், இடித்துத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், சில வீடுகளை ஹோட்டலாக்கியவர்கள் அந்த வீடுகளையாவது நிற்க வைத்தார்கள். சமையல்காரர்களுக்கும் கொட்டான் முடைகிறவர்களுக்கும் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களுக்கும் வேலை வந்தது. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது வீடு. வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், சுவர் இருக்கிறது, வாசல் இருக்கிறது. மலைக்கும் கண்மாய்க்கும் சுவர் கிடையாது. பத்து ஏக்கர் ரிசார்ட் வந்தால் அது முதலில் தோண்டுவது ஆழ்துளைக் கிணறு, அந்தத் தண்ணீர் எந்தச் சுனைக்குப் போகிற தண்ணீர் என்று யார் அளந்து சொல்வது? அடுத்து நிலத்தின் விலை. ஏக்கர் விலை ஏறினால் விற்கிறவருக்குக் கொண்டாட்டம், குத்தகைக்கு உழுகிறவருக்கு நிலம் போச்சு. மேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடமும் இருக்கிறது. கிரானைட் குவாரிகளும் வேலை தருகிறோம் என்றுதான் வந்தன. 2012-இல் அப்போதைய ஆட்சியர் சகாயம் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் எவ்வளவு மலை போயிருக்கிறது என்பது வெளியே தெரிந்தது, கீழவளவில் சமணப் படுக்கை இருக்கிற பஞ்சபாண்டவர் மலைக்குப் பக்கத்துப் பாறை வரை வெட்டியிருந்தார்கள். ரிசார்ட்டும் குவாரியும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் 'போதும்' சொல்கிற உரிமை லாபக்கணக்குப் பார்க்கிறவரிடம் இருக்கிறது, அவர் ஏன் சொல்வார்?

இங்கே குமரகத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 2008-இல் கேரள அரசு அங்கே பொறுப்புச் சுற்றுலா என்று தொடங்கி, ஏரிக்கரை ஹோட்டல்களுக்குத் தேவையான காய்கறியைக் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடம் வாங்க வைத்தது. தரிசாகக் கிடந்த நிலத்தில் பயிர் வந்தது. ஹோட்டல் ஏற்கெனவே வந்துவிட்ட ஊருக்கு அருமையான வைத்தியம். நம் ஊரில் நோயே இன்னும் வரவில்லை.

நான்காவது, ஊரே நடத்துவது. இதற்கு எல்லோரும் காட்டுகிற ஊர் நாகாலாந்தின் கொனோமா. அங்காமி நாகர்களின் ஊர், வேட்டை அவர்களுக்குப் பெருமை, ஆங்கிலேயரோடு சண்டை போட்ட வரலாறு. 1998-இல் அந்த ஊரே உட்கார்ந்து பேசி, ட்ராகோபன் என்கிற காட்டுக்கோழி இனத்தைக் காப்பதற்காகச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயம் என்று அறிவித்து வேட்டையை நிறுத்தியது. அறிவித்தது அரசு இல்லை, ஊர்ச்சபை. வெளியாள் வந்தால் நுழைவுக் கட்டணம் ஊருக்கு, வழிகாட்டி ஊர்க்காரர், தங்குவது ஊர்க்காரர் வீட்டில். வேட்டைக்காரர் வீட்டுப் பையன் பறவையைக் காட்டிக் கொடுத்துச் சம்பாதிக்கிறான். கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது.

அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா? முடியாது, இரண்டு காரணம். ஒன்று, கொனோமாவில் காடு ஊருக்கும் குலங்களுக்கும் சொந்தம், அரசியல் சாசனத்தின் 371ஏ பிரிவே அவர்கள் நில வழக்கத்துக்குப் பாதுகாப்பு. நம் ஊரில் மலை என்றால் பெரும்பாலும் புறம்போக்கு, சிற்பமும் கல்வெட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில். ஊர் 'நம் மலை' என்று சொல்கிறது, பட்டா அப்படிச் சொல்வதில்லை.

இரண்டாவது காரணத்தைப் பெரும்பாலான சுற்றுலாக் கட்டுரைகள் தாண்டிப்போய்விடும். ஊர் என்றால் யார்? தமிழில் அந்தச் சொல்லே ஊர், சேரி என்று பிரித்து வைத்த சொல். இதே மேலூர் வட்டாரத்து மேலவளவில், தனித்தொகுதியில் ஜெயித்து ஊராட்சித் தலைவரானார் என்பதற்காக முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரிட்டாபட்டியைப் பற்றி இதை நான் சொல்லவில்லை, டங்ஸ்டன் போராட்டத்தில் எல்லாத் தெருவும் சேர்ந்துதான் நின்றது. ஆனால் எதிர்க்கும்போது சேர்ந்து நிற்பது வேறு, பணம் வரும்போது சேர்ந்து உட்கார்வது வேறு. வீட்டில் தங்க வைக்கும் திட்டம் வந்தால் யார் வீட்டில் அறை இருக்கிறது, யார் சமைத்தால் வருகிறவர் சாப்பிடுவார், திருவிழா வரி போடுகிற அதே நாலு பேர் வழிகாட்டிகளையும் பொறுக்குவார்களா என்ற கேள்விகள் முதல் மாதமே வரும். இதற்கு முன்கூட்டியே விதி எழுதாத 'ஊர்ச் சுற்றுலா', பத்துக் குடும்பத்தின் சுற்றுலாவாக முடியும். தனியாராவது வெளிப்படையாகத் தனியார்.

இவ்வளவு சொல்லிவிட்டும் என் ஓட்டு நாலாவதற்குத்தான். காரணம், பல்லுயிர்ச் சட்டத்திலேயே அதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்கீழ் ஒரு இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும்போது உள்ளாட்சியைக் கலந்து பேச வேண்டும், 41-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும், 43-ஆவது பிரிவின்படி உள்ளூர்ப் பல்லுயிர் நிதி என்று ஒரு கணக்கு வைக்கலாம். இதைவிட முக்கியம் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டு நெறி. தலமாக அறிவிப்பதால் அந்த மக்களின் வழக்கமான புழக்கத்துக்குக் கட்டுப்பாடு வராது, அவர்களாக விரும்பி முடிவு செய்த கட்டுப்பாடு தவிர. அவர்களாக விரும்பி என்ற அந்த இரண்டு சொல்லில்தான் கொனோமா இருக்கிறது. கூடு வைக்கிற மாதங்களில் இந்தப் பாறைப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கிராமசபை தீர்மானம் போட்டால், அது ஊர் தனக்கும் போட்டுக்கொண்ட விதி, வருகிறவருக்கும் விதி. இப்படிப்பட்ட கட்டுப்பாடு நமக்குப் புதிதும் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வருகிற பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று தலைமுறையாக இருக்கிறார்கள். டிக்கெட் இல்லை, திட்டம் இல்லை, ஊர்க்கட்டுப்பாடு மட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. மதுரை உட்பட 27 மாவட்டங்களில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். டங்ஸ்டனை ரத்து செய்ய வைத்த அதே மாதம், பாருங்கள். மேலாண்மைக் குழு ஊராட்சியை ஒட்டித் தொங்குகிற குழு, ஊராட்சியில் தலைவர் இல்லாத காலத்தில் அதுவும் அலுவலகக் கோப்பாகிவிடும். அதனால் எதைச் செய்தாலும் கிராமசபைத் தீர்மானத்தோடு செய்ய வேண்டும், அது ஒன்றுதான் அலுவலர் மாறினாலும் புத்தகத்தில் நிற்கும்.

இனி பணம். இதைக் கணக்குப் போடாமல் பேசுவதால்தான் ஆசை ஏறிவிடுகிறது. சனி, ஞாயிறு மட்டும், நாளுக்கு அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம், தலைக்கு 100 ரூபாய். வாரத்துக்கு 12,000. வழிகாட்டி ஆறு பேருக்கு நாளுக்கு 500 கொடுத்தால் இரண்டு நாளுக்கு 6,000 போச்சு. மீதி ஆறாயிரத்தில் கழிப்பறை சுத்தம், குப்பை, தண்ணீர், வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஆள். வருகிறவர்களில் பாதிப் பேர் மகளிர் குழுவில் 150 ரூபாய்க்குச் சாப்பிட்டால் இன்னொரு 9,000 வரும், அதில் பாதிக்கு மேல் அரிசி, காய், விறகுக்கே போய்விடும். கூடு காலத்தில் பாறைப் பக்கத்தை மூடி, கடுங்கோடையில் முழுசாக மூடினால், வருடத்தில் முப்பது முப்பத்தைந்து வாரம். டிக்கெட் வருமானம் நாலு லட்சத்தை ஒட்டி நிற்கும். இதில் யாரும் மாடி வீடு கட்டப்போவதில்லை. நெல்லுக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் வைக்கிற ஒரு துணை வருமானம், அவ்வளவுதான். சுரங்கத்துக்குப் பதில் சுற்றுலா என்று பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள், சுரங்கத்துக்குப் பதில் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, விவசாயம். தண்ணீர் வந்தால் போதும்.

அறுபது பேர் என்பதை நூற்றைம்பது ஆக்கினால் கணக்கு அழகாக வரும். அங்கேதான் முதல் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. ஊர் கையில் டிக்கெட் புத்தகம் இருந்தாலும் ஊரே பேராசைப்படலாம், அதற்கு ஊர் என்ற பெயர் மருந்தாகாது. அதனால் எண்ணிக்கையைக் கிராமசபையில் எழுதிவிட வேண்டும், கூட்டுவதென்றால் அடுத்த கிராமசபைக்கு வந்துதான் கூட்ட வேண்டும். வருடத்துக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

மற்ற விதிகளில் எனக்கு உறுதியாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். வழிகாட்டி முறை தெருவாரியாகச் சுழற்சியில் வரவேண்டும், குலுக்கிப் போட்டால் இன்னும் நல்லது. ஆறு பேரில் மூன்று பேராவது பெண்கள். வரவு செலவை மாதாமாதம் டீக்கடைச் சுவரில் ஒட்ட வேண்டும், ஊராட்சி அலுவலகப் பலகை வேண்டாம், அங்கே யாரும் போய்ப் படிப்பதில்லை. முதல் இரண்டு வருடம் இரவு தங்கல் கிடையாது, தங்க நினைக்கிறவருக்கு அரைமணி தூரத்தில் மதுரை இருக்கிறது. ட்ரோன் கிடையவே கிடையாது. கல்வெட்டுக்கும் சிற்பத்துக்கும் தொல்லியல் துறை ஆள் வேண்டும், அதை ஊர் தலையில் கட்டக்கூடாது. வழிகாட்டிகளுக்குக் கல்வெட்டுப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அந்தத் துறையையும், முதலுதவிக்கும் மலைமீட்புக்கும் வனத்துறையையும் தீயணைப்புத் துறையையும் கேட்கலாம். இரண்டாவது வழியில் நல்லதாக இருப்பதைக் கடன் வாங்குவதில் வெட்கம் இல்லை, சாவியைக் கொடுக்காமல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கழிப்பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், யாரும் பேசாததால். ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்தால், அதில் பாதி பெண்கள் என்றால், முதல் நாளே வேண்டும். இல்லாவிட்டால் கண்மாய்க் கரைதான் கழிப்பறை. பெயர்ப் பலகை, வளைவு, செல்ஃபி பாயின்ட் எல்லாவற்றுக்கும் நிதி வந்து கடைசியில் இதற்கு மட்டும் வராமல் போவதை நாம் பல இடத்தில் பார்த்தாகிவிட்டது.

போன தடவை போயிருந்தபோது இந்த 100 ரூபாய் டிக்கெட் கணக்கை என் அப்பத்தா வயதில் இருந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏப்பா, சாமி கும்பிட வாரவுகளுக்குமா டிக்கெட்டு?" என்றார். நான் இதை யோசித்திருக்கவே இல்லை. குடைவரை சிவனுக்கும் மலைச்சாமிகளுக்கும் வருகிறவர்களிடம் காசு கேட்பது தப்பு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கும்பிட வந்தவர் யார், பார்க்க வந்தவர் யார் என்று வாசலில் நிற்கிற பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கையில் தேங்காய்ப்பழத் தட்டு இருந்தால் டிக்கெட் இல்லை என்று விதி வைக்கலாம் என்றேன். அப்படி வைத்தால் மதுரையிலிருந்து கேமராவோடு வருகிறவர் நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க ஒரு தேங்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாரே என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "வாங்கட்டும், நம்ம கடையில தான வாங்கப்போறாக" என்று சொல்லிவிட்டு அப்பத்தா வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.